நிழற்படங்களிலும் கேலிச்சித்திரங்களிலும் ஆங்கிலேயர் டென்னிஸ்: காவேரிப்பாக்கத்திலிருந்து ஒரு நோக்கு

1. தோற்றுவாய்

கல்வெட்டும் செப்பேடும் சுவடியும் வரலாற்றிற்குச் சான்றாகும் என்பதை நாம் ஐயுறுவதில்லை. நிழற்படமும் கேலிச்சித்திரமும் அவ்வாறே சான்றாகுமா என்பது இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா. இவ்வினாவை ஆராய்வதற்கு ஆங்கிலேயரின் டென்னிஸ் ஆட்டம் பொருத்தமானதொரு பொருளாகும். ஏனெனில், அவ்வாட்டத்தை நேரிற் காணாத பல்லாயிரவர் அதனை அறிந்தது செய்தித்தாளிலும் வார இதழிலும் வெளிவந்த படங்களின் வாயிலாகவே. இலண்டனுக்கு அருகிலுள்ள விம்பிள்டன் புல்தரை தமிழ்நாட்டிற்கு வந்து சேர்ந்ததும் தாளின் வழியாகத்தான்.

நோக்கும் இடமாகக் காவேரிப்பாக்கத்தைக் கொள்வதற்குக் காரணம் உண்டு. பழைய வடஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததும், 2019ஆம் ஆண்டு முதல் இராணிப்பேட்டை மாவட்டத்தில் அடங்குவதுமாகிய இவ்வூர், தன் பேரேரியால் பெயர் பெற்றது. அவ்வேரியை மூன்றாம் நந்திவர்மனோடு தொடர்புபடுத்திக் கூறுவர். 1752 பிப்ரவரியில் கிளைவின் படை பிரெஞ்சுக்காரரையும் அவர்தம் துணைவரையும் இவ்வூர்க்கருகே வென்றது. ஆங்கிலேயர் இங்குப் படைக்கலத்தோடு வந்தனர். மட்டையும் பந்தும் ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டு கழிந்த பின்னரே அவர்களைப் பின்தொடர்ந்தன. இவ்வூரின் பழஞ்சிற்பங்கள் பல இன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. இடம்பெயர்ந்த சிற்பத்தை அதன் சூழலோடு சேர்த்துப் பொருள் காண்பது எத்துணை அருமையோ, அத்துணை அருமையே ஏட்டிலிருந்து பிரிந்து கிடக்கும் பழைய நிழற்படத்திற்குப் பொருள் காண்பதும்.

2. ஆட்டத்தின் வரலாறு

டென்னிஸ் என்னும் பெயரால் பண்டு வழங்கியது, சுவர் சூழ்ந்த கூடத்தினுள் அரசரும் பிரபுக்களும் ஆடிய ஆட்டமாகும். அதன் பந்து மயிர் முதலியன திணித்துத் தோலாலோ துணியாலோ மூடப்பெற்றது. புல்தரையில் அது துள்ளாது. இரப்பர் பந்து பெருகி வழங்கிய பின்னரே வெளிப்புல்லில் ஆடும் ஆட்டம் இயல்வதாயிற்று. 1874ஆம் ஆண்டு மேஜர் வால்ட்டர் கிளாப்ட்டன் விங்ஃபீல்டு என்பார் வலை, கம்பம், மட்டை, பந்து ஆகியவற்றை ஒரு பெட்டியில் அடக்கி, தம் ஆட்டத்திற்குக் காப்புரிமையும் பெற்று விற்கலானார். இவர் இந்தியாவிலும் சீனத்திலும் பணியாற்றிய குதிரைப்படை அலுவலர். தம் ஆட்டத்திற்கு அவர் இட்ட கிரேக்கப் பெயர் மக்கள் நாவில் நிலைபெறவில்லை. ‘லான் டென்னிஸ்’ என்பதே நிலைத்தது. வெற்று இரப்பர் பந்தின்மேல் ஃபிளானல் துணி போர்த்தினால் அது காற்றில் செவ்வனே செல்லும் என்பதைக் கண்டவர் ஹீத்கோட் என்பார்.

1877ஆம் ஆண்டு விம்பிள்டனில் முதற் போட்டி நடைபெற்றது. அதனை நடத்திய கழகம் குரோக்கே ஆட்டத்திற்காகத் தோன்றியதாகும். புல்தரையைச் சமனாக்கக் மட்டக்குதிரை இழுத்த உருளை பழுதுற்றது. அதனைச் செப்பனிடப் பொருள் வேண்டியே போட்டி அறிவிக்கப்பட்டது. இருபத்திருவர் கலந்துகொண்டனர், இறுதியாட்டத்தைக் காண வந்தோர் ஏறத்தாழ 200 பேர். ஸ்பென்சர் கோர் வென்றார். பெண்டிர் ஒற்றையர் ஆட்டம் 1884இல் தொடங்கியது. மாட் வாட்சன் தம் தமக்கை லிலியனையே இறுதியாட்டத்தில் வென்றார்.

3. நிழற்படத்தின் காலத்தைக் கணித்தல்

கல்வெட்டில் ஆண்டுக் குறிப்புச் சிதைந்திருப்பின் எழுத்தமைதி கொண்டு காலம் காண்கிறோம். நாளும் ஊரும் குறிக்கப்பெறாத டென்னிஸ் படத்திற்கும் அத்தகைய அகச்சான்றுகள் உண்டு.

முதலாவது, வலையின் வடிவம். 1877இல் வலை இரு முனைகளிலும் ஐந்தடி உயரமும், நடுவில் மூன்றடி மூன்றங்குல உயரமும் உடையதாய் இருந்தது. பின்னர்ப் படிப்படியாகத் தாழ்ந்து, 1880களின் தொடக்கத்திலேயே முனையில் மூன்றரை அடியும் நடுவில் மூன்றடியும் ஆயிற்று. ஆகவே, நடுவில் ஆழத் தொய்ந்து முனையில் மார்பளவிற்கு மேல் உயர்ந்த வலை காணப்படின், படம் மிகப் பழையது எனத் துணியலாம். இரண்டாவது, மட்டை. தொடக்ககால மட்டைகளுட் பலவற்றின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அவற்றின் கைப்பிடி மூடப்படாத மரமாகும். கைப்பிடிக்குத் தோற்பட்டை சுற்றும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலேதான் பரவியது. மூன்றாவது, உடை. மாட் வாட்சன் காலத்தில் பெண்டிர் தரையளாவும் பாவாடையும் இறுகிய மேலுடையும் பூண்டு ஆடினர். 1887இல் தம் பதினைந்தாம் அகவையில் வெற்றி பெற்ற லாட்டி டாட், சிறுமியாதலின், சற்றே குறுகிய பாவாடை அணிய இயன்றது. 1931இல் லிலி டி ஆல்வாரெஸ் பிளவுற்ற பாவாடையோடு விம்பிள்டனில் ஆடினார். ஆடவருள் பன்னி ஆஸ்டின் 1933இல் அங்கு நடுவாடுகளத்தில் அரைக்காற்சட்டையோடு தோன்றினார். நான்காவது, பந்து. விம்பிள்டனில் வெண்பந்து 1986ஆம் ஆண்டுதான் மஞ்சட்பந்திற்கு இடந்தந்தது.

இவ்வாறு காலம் கணிக்கலாம். ஆயின் படம் காட்டுவதனைத்தும் நிகழ்ந்தவாறே நிகழ்ந்தது எனக் கொள்ளுதல் தவறாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கருவிகள் விரைந்தியங்கும் பந்தை எளிதிற் பற்றமாட்டா. ஆகவே அக்காலத்து ஆட்டக்காரர் கருவியின் முன் அசையாது நின்று, அடிப்பது போன்ற நிலையைக் காட்டினர். ‘தி இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ்’, ‘தி கிராஃபிக்’ முதலிய வார இதழ்களில் வந்தவையோ நிழற்படங்கள் அல்ல; ஓவியர் வரைந்தவற்றை மரத்திற் செதுக்கி அச்சிட்டவை. நிழற்படத்தை நேரே அச்சேற்றும் புள்ளிமுறை பரவிய பின்னரே ஆட்டத்தின் ஓட்டத்தைக் காட்டும் படங்கள் மக்களிடம் பெருவாரியாகச் சென்றன. 1919இல் விம்பிள்டனில் தோன்றிய பிரெஞ்சு வீராங்கனை சூசான் லாங்லென் இம்மாற்றத்தின் பயனை முழுதும் பெற்றார். இரு காலும் நிலம் தோயாது வானில் நிற்கும் அவர்தம் படங்கள் உலகெங்கும் பரவின. அவ்வாண்டு இறுதியாட்டத்தில் அவரை எதிர்த்து நின்ற டொரதியா லாம்பர்ட் சேம்பர்ஸ் ஏழுமுறை வென்றவர். அகவை நாற்பதை எட்டியவர். முதல் தொகுதி 10–8, மூன்றாம் தொகுதி 9–7 என நீண்ட கடும்போர் அது. எனினும் உலகம் நினைவிற் கொண்டது துள்ளியவரையே. நிற்பவரினும் பறப்பவரைப் படக்கருவி விரும்பும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

4. கேலிச்சித்திரம் கூறுவது

நிழற்படம் காட்டாததைக் கேலிச்சித்திரம் காட்டும். 1841இல் தோன்றிய ‘பஞ்ச்’ இதழில் ஜார்ஜ் டூ மாரியே வரைந்த படங்கள் மேட்டிமைக் குடும்பங்களின் வரவேற்பறையையும் தோட்டத்தையும் களமாகக் கொண்டவை. டென்னிஸ் அங்குத் தோட்டத்து நிகழ்ச்சியாகவே தோன்றுகிறது. இளைஞனும் நங்கையும் பெற்றோர் கண்காணிப்பில் ஓரளவு தடையின்றிச் சந்திக்கும் வாய்ப்பை அவ்வாட்டம் தந்தது. ஆட்டத்தில் சுழியெண்ணைக் குறிக்கும் ‘லவ்’ என்னும் சொல் காதலையும் குறித்தலின், சித்திரக்காரர்க்கு அது வற்றாத சிலேடைச் சுரங்கம் ஆயிற்று. சிலேடையிற் பயின்ற தமிழ் மாணவர் இதன் சுவையை எளிதில் உணர்வர்.

எச்.எம். பேட்மன் என்னும் சித்திரக்காரர் சமுதாய ஒழுக்கத்தினின்று சிறிது வழுவியவனைச் சூழ்ந்து கூட்டமே திகைத்து நிற்பதாக வரைந்த வரிசை புகழ்பெற்றது. அவர் வரைந்த படங்களுள் ஒன்று, விம்பிள்டன் நடுவாடுகளத்தில் ஒரு டாண்டிலையன் களைச்செடி காணப்பட்டதைப் பற்றியது. ஒரு களை முளைத்தது, உலகம் கலங்கியது. நகைப்பின் அடியில் ஓர் உண்மை கிடக்கிறது. ஆங்கிலேயப் புல்தரை இயற்கையன்று. இடையறாத உழைப்பினால் இயற்கையை ஒடுக்கிப் பெற்ற விளைவு. களை முளைத்தல் ஆங்கு மானக்கேடு. காவேரிப்பாக்கத்து ஏரிப்பாசனத்தில் களை பறிக்கும் பெண்டிர்க்கும் களை பகைதான். ஆயின் அவர் காப்பது நெல்லை. உண்ணவொண்ணாப் புல்லைக் காப்பதற்கு அத்துணை உழைப்பைச் செலவிடும் செல்வநிலையே அச்சித்திரத்தின் உட்பொருள். இரண்டாம் உலகப்போரில் விம்பிள்டன் வளாகத்திலேயே பன்றியும் கோழியும் வளர்க்கப்பட்டன. 1940 அக்டோபரில் விழுந்த குண்டு நடுவாடுகளத்தின் 1,200 இருக்கைகளை அழித்தது. புல்லின் பெருமை எத்தகைய அமைதியின்மேல் நின்றது என்பதைப் போர்க்காலப் படங்களை அமைதிக்காலப் படங்களோடு ஒப்பிட்டால் அறியலாம்.

தமிழர்க்கும் கேலிச்சித்திரம் புதிதன்று. பாரதியார் ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ வார இதழ் 1906ஆம் ஆண்டு முதலே அரசியற் கருத்துப்படங்களை வெளியிட்டது. பின்னாளில் ‘ஆனந்த விகடன்’ மாலி போன்றோரின் கோடுகளால் நகைச்சுவைச் சித்திரத்தை இல்லந்தோறும் கொண்டு சென்றது. ஆகவே ஆங்கிலச் சித்திரத்தைத் தமிழ் வாசகர் அயலாராக நின்று வியக்க வேண்டுவதில்லை. அதன் இலக்கணம் அறிந்தவராகவே படிக்கலாம்.

5. படத்தின் ஓரத்தில் நிற்போர்

இந்நாட்டில் ஆங்கிலேயர் தங்கிய ஊர்களில் எடுக்கப்பெற்ற டென்னிஸ் குழுப்படங்கள் ஏறத்தாழ ஒரே அமைப்பு உடையவை. நடுவில் நாற்காலிகள்; அவற்றில் மட்டையை மடிமேற் கிடத்தி அமர்ந்த துரைமாரும் துரைசானிகளும்; பின்னே நிற்கும் இளைய அலுவலர். படத்தின் ஓரத்தில், சிலவேளை பாதி உருவம் வெட்டுண்டு, தலைப்பாகை அணிந்த பணியாளரும் செருப்பில்லாக் காலோடு பந்து பொறுக்கும் சிறுவரும் நிற்பர். நடுவிலிருப்போரின் பெயர்கள் படத்தின் கீழே வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஓரத்தில் நிற்போர்க்குப் பெயர் இராது.

இந்நிலை இந்தியாவிற்கு மட்டும் உரியதன்று என்பதும் கருதத்தக்கது. விம்பிள்டனிலேயே 1920களிலும் 30களிலும் பந்து பொறுக்கியோர் ஷாஃப்ட்ஸ்பரி இல்லத்துச் சிறுவர். 1946 முதல் பர்னார்டோ இல்லத்துச் சிறுவர். ஆதரவற்ற பிள்ளைகளுக்கென அமைந்த இல்லங்கள் அவை. பள்ளி மாணவர் அப்பணிக்கு வந்தது 1969க்குப் பின்னரே. எனவே உலகம் கண்டு மகிழ்ந்த படங்களின் ஓரத்தில் குனிந்து நின்றவர் வறியோரின் மக்கள். நாட்டால் வேறாயினும் ஓரத்தில் நிற்போர் நிலை ஒன்றே.

நம் நாட்டுக் கழகங்களில் ‘மார்க்கர்’ என்று வழங்கப்பெறும் பணியாளர் ஒருவர் உண்டு. ஆடுகளத்தைப் பேணுவதோடு உறுப்பினர்க்கு எதிராடித் தருவதும், புதியவர்க்குக் கற்பிப்பதும் அவர் கடன். ஆட்டத்தை நன்கறிந்தவர் அவரே; எனினும் கழகப் போட்டிக்கு உரியவர் அல்லர். நிழற்படத்தை மட்டும் நம்பும் ஆராய்ச்சியாளர் அவரைப் பணியாளராகவே காண்பர், ஆசிரியராகக் காணார்.

ஓரத்தினின்று நடுவிற்கு வந்த பெண்டிரையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். மெகர்பாய் டாட்டா புடவை உடுத்தே டென்னிஸ் ஆடியவர். லீலா ராவ் 1934இல் விம்பிள்டனில் ஓர் ஆட்டத்தில் வென்ற முதல் இந்தியப் பெண்மணி. அவர்தம் அன்னையார் க்ஷமா ராவ் வடமொழிப் புலவர். வேலூர்ப் பகுதியில் டென்னிஸை விரும்பி ஆடியவருள் ஒருவர் மருத்துவர் ஐடா ஸ்கடர். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்து, 1900இல் வேலூரில் மருத்துவப் பணி தொடங்கிய அவ்வம்மையார் முதுமையிலும் மட்டை பிடித்தார் என்பர். அவர் அமெரிக்கர், ஆகவே இவ்வட்டாரத்து டென்னிஸ் முழுதும் ஆங்கிலேயர் வழியே வந்தது எனக் கூறுதல் பொருந்தாது.

6. தோலும் நரம்பும்

படத்திற் காணப்படாத மற்றொன்று, ஆட்டத்திற்கு வேண்டிய பொருள்களை ஆக்கியோர் உழைப்பு. மட்டையில் கட்டிய நரம்பு விலங்கின் குடலினின்று எடுத்தது. கைப்பிடிப் பட்டை தோல். உருளை இழுத்த குதிரையின் குளம்பு புல்லைச் சிதைக்காதிருக்க அதற்குத் தோலாலாகிய காலுறை மாட்டினர். குதிரையின் காலில் செருப்புப் பூட்டிய அக்காட்சி பழைய படங்களுள் வியப்புத் தருவதொன்று. ஆங்கிலப் புல்தரையின் மென்மைக்குத் தோல் இன்றியமையாததாய் இருந்தது.

பாலாற்றங்கரையின் தோற்றொழில் இவ்விடத்து நினைவிற்கு வருதல் இயல்பு. இராணிப்பேட்டை, விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் ஆவாரம்பட்டை முதலியவற்றால் பதனிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் சென்னைப் பெரியமேட்டு மண்டிகள் வழியாக இலண்டன் சந்தைக்குச் சென்றன. ‘கிழக்கிந்தியத் தோல்’ என்பது அங்கு அதன் வணிகப் பெயர். அது செருப்பின் உட்புறம், நூற்கட்டடம் முதலிய பல பயன்களுக்கு உரியதாயிற்று. குறிப்பிட்ட ஒரு மட்டையின் பட்டை இவ்வட்டாரத்துத் தோலே எனத் துணிந்து கூறச் சான்று வேண்டும். அவ்வாறு கூறுதல் ஈண்டு நோக்கமன்று. ஆங்கிலேயர் ஓய்வுக்காலப் பொருள்கள் பலவற்றின் பின்னே இத்தகைய ஊர்களின் உழைப்பு நின்றது என்பதும், அவ்வுழைப்பு எந்தக் குழுப்படத்திலும் இடம்பெறவில்லை என்பதுமே கருத்து.

அவ்வுழைப்பிற்கு இவ்வட்டாரம் தந்த விலையும் உண்டு. குரோமியத்தால் பதனிடும் முறை பரவிய பின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கிற்று. வாலாஜாப்பேட்டைக்கு அண்மையிலுள்ள பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே நீர் பெறுவது காவேரிப்பாக்கத்து ஏரி. ஆகவே இவ்வூரார்க்குப் பாலாறு வெறும் பெயரன்று; வாழ்வு.

7. தமிழர் படத்தின் நடுவில் வருதல்

1921இல் இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையில் ஆடிப் பாரிசில் பிரான்சை வென்றது. 1939இல் கவுஸ் முகமது விம்பிள்டன் காலிறுதி வரை சென்றார். தமிழர் ஒருவர் அப்படங்களின் நடுவிடத்தைப் பெற்றது 1954இல். நாகர்கோயிலில் 1937இல் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், தம் தந்தையார் டி.கே. இராமநாதனிடம் பயின்று, விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை அவ்வாண்டு வென்றார். ஆசியருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. 1960இலும் 1961இலும் ஆடவர் அரையிறுதியை எட்டினார். முன்னதில் அவரை வென்ற நீல் ஃபிரேசரும், பின்னதில் வென்ற ராட் லேவரும் அவ்வவ்வாண்டுப் பட்டத்தைக் கொண்டனர். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை 6–1, 6–4, 6–4 எனக் கிருஷ்ணன் வீழ்த்தினார்.

அவர் ஆட்டம் வலிமையால் அன்று, நுண்மையால் சிறந்தது. வன்மையாக அடிக்கும் வீரனின் படம் ஒரு கணத்திற் பொருள் தரும். பந்தை உரிய இடத்தில் மெல்ல வைப்பவனின் படம் அவ்வாறு தருவதில்லை. நுண்மை காலத்தில் விரிவது. படம் கணத்தில் அடங்குவது. ஆகவே படம் மிகுதியாகக் கிடைக்கும் வீரரே சிறந்த வீரர் எனக் கொள்ளும் பிழையினின்று ஆராய்ச்சியாளர் தம்மைக் காத்துக்கொள்ளல் வேண்டும்.

அவரைத் தொடர்ந்து விஜய் அமிர்தராஜ் 1973, 1981ஆம் ஆண்டுகளிலும், கிருஷ்ணனின் மைந்தர் இரமேஷ் 1986ஆம் ஆண்டிலும் காலிறுதி எய்தினர். இரமேஷ் 1979இல் தந்தையைப் போன்றே சிறுவர் பட்டமும் பெற்றார். மூவர்க்கும் களம் அமைத்தது சென்னை.

8. தமிழிற் பந்து

பந்தாட்டம் தமிழிலக்கியத்திற்குப் பழம்பொருள். நூலால் வரிந்து கட்டிய பந்தைச் சங்கநூல்கள் ‘வரிப்பந்து’ என வழங்கும். சீவக சிந்தாமணியில் விமலையின் பந்தாட்டமும், பெருங்கதையில் மகளிர் பந்தடித்துப் போட்டியிடும் பகுதியும், குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியின் பந்தாட்டமும் மாணவர் அறிந்தவை. இக்காலத்தில் டென்னிஸை ‘வரிப்பந்தாட்டம்’ எனக் கூறுவாரும் உளர். பழஞ்சொல் புதுப்பொருள் ஏற்றது நன்றே. ஆயின் ஒரு வேற்றுமையை மறத்தல் ஆகாது. நம் காவியங்களில் பந்தாடுவோர் பெண்டிரே. அவர்தம் விரைவும் எண்ணிக்கையும் கண்டு காண்போர் வியப்பர்; ஆடும்போது உடையும் அணியும் நெகிழ்வதைப் புலவர் கூர்ந்து வருணிப்பர். 1949இல் கஸ்ஸி மோரான் அணிந்த பின்னல்விளிம்பு உள்ளாடையைப் படமெடுக்க விம்பிள்டனில் படக்காரர் தரையில் கிடந்தனர். பந்தை விடுத்துப் பந்தாடுபவளைப் பார்க்கும் அப்பார்வை இருபுறத்தும் உண்டு. காவியப் புலவன் அதனைச் சொல்லால் செய்தான். படக்காரன் கண்ணாடிவில்லையால் செய்தான். இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்வது பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர்க்கு நற்பொருளாகும்.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. நிழற்படம் சான்றே, ஆயின் வலை, மட்டை, உடை, பந்து ஆகிய அகச்சான்றுகளால் காலம் கணித்த பின்னரே அதனைப் பயன்படுத்தல் வேண்டும். கேலிச்சித்திரம் நிகழ்ச்சிக்குச் சான்றன்று. நிகழ்ச்சியைப் பற்றி அக்காலத்தார் கொண்ட மனப்பாங்கிற்குச் சான்று. இவ்விரண்டினும் விடுபட்டோரை, அதாவது பந்து பொறுக்கியவரையும், மார்க்கரையும், தோல் பதனிட்டவரையும், வேறு சான்றுகளால் தேடிச் சேர்த்தல் ஆராய்ச்சியாளர் கடன்.

விம்பிள்டன் தன் நூற்றாண்டில், 1977இல், டென்னிஸிற்கென ஓர் அருங்காட்சியகம் கண்டது. வடஆர்க்காட்டுப் பகுதியின் பழைய கழகங்களிலும், மருத்துவமனைகளிலும், பள்ளிகளிலும், தோல் வணிகக் குடும்பங்களிலும் உள்ள குழுப்படங்கள் கறையானுக்கும் ஈரத்திற்கும் இரையாகு முன் தொகுக்கப்படல் வேண்டும். தொகுப்போர் முதற்கண் செய்யத்தக்கது, படத்தின் பின்புறத்தில் மென்மையான கரிக்கோலால் பெயர்களை எழுதுவித்தல். நடுவில் அமர்ந்தோர் பெயர் பெரும்பாலும் முன்பே அச்சாகியிருக்கும். ஓரத்தில் நிற்கும் சிறுவன் இன்ன ஊரான், இன்னார் மகன் என அடையாளம் காட்டவல்ல முதியோர் சிலரே எஞ்சியுள்ளனர். அவர்களிடமிருந்தே பணியைத் தொடங்குதல் வேண்டும்.